ஏழாவது இழைப்புளி

நவம்பர் 6

இந்த நோட்டில் எதை எழுதப்போகிறேன் என்று முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். எடையளவுத் துறையில் முப்பத்து மூன்று வருடம் ஆய்வாளராக இருந்த பழக்கம். எண் போடாமல் எனக்கு எதையும் தொடங்க வராது.

1. என் மைத்துனர் நாகலிங்கத்தின் பட்டறையில் வெள்ளம் புகுந்து கெட்டுப்போன, மரம் சீவும் இழைப்புளிகள் மொத்தம் ஏழு. இரும்பு மூன்று, ஈட்டி மரம் நான்கு. ஏழையும் வேலைக்கு ஆகும்படி சீர்செய்வது.
2. இழைப்புளியின் அடி முழுத் தட்டையாக இருக்க வேண்டும்.
3. பிளேடின் முனை நேர்க்கோடாகவும் பக்கங்களுக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும்.
4. எல்லாம் டிசம்பர் 4க்குள் முடிய வேண்டும். அன்றுதான் நாகலிங்கத்தின் கைக்கட்டுப் பிரிக்கிறார்கள்.
5. இந்தக் குடும்பத்தில் இவற்றைப் பிடித்து வேலை செய்யத் தெரிந்தவர் நாகலிங்கம் ஒருவரே. அவர் கைக்குக் கருவியைத் தயாராக்கிக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது.
6. சந்தேகம் வந்தால் கேட்டுவிட வேண்டும். கூச்சப்படக் கூடாது.

நடந்தது இது. போன சனிக்கிழமை இரவு பெய்த மழையில் ஓடைப் பள்ளம் நிரம்பி, கணபதிப் பகுதியில் இருக்கும் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர். மோட்டார்களைக் காப்பாற்றப் போன நாகலிங்கம் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மோட்டார்களும் தப்பவில்லை. எல்லாம் உள்ளே செம்புக்கம்பிச் சுருளை மாற்றிக் கட்டுவதற்குப் போயிருக்கின்றன. ஊர் முழுக்க நனைந்த மோட்டார், ஆகவே இப்போதைக்கு வராது.

அவர் மரத்தில் பேட்டர்ன் செய்பவர். அவர் செய்யும் மர உருவத்தை மணலில் பதித்து, அந்தப் பள்ளத்தில் ஃபவுண்டரிக்காரர்கள் இரும்பை ஊற்றுவார்கள். இப்போது கையில் இருப்பது ஒரு பெரிய பம்புக்கான வேலை. பேட்டர்னின் இரண்டு பாதிகளும் பரணில் இருந்ததால் பிழைத்தன. பாக்கி இருப்பது கோர் பாக்ஸ் மட்டும். பம்பின் உள்ளே வெற்றிடம் வர வேண்டுமே, அந்த இடத்தில் வைக்கும் மணல் உருளையை வார்க்கும் பெட்டி அது. தேக்குக் கட்டையில் அரைவட்டக் குழி. டிசம்பர் 10க்குள் கொடுக்காவிட்டால் வேறு இடத்தில் மெஷினில் வெட்டிக்கொள்வதாக ஃபவுண்டரி முதலாளி ரங்கராஜு சொல்லிவிட்டார். நாகலிங்கத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வாடிக்கை அவர்தான்.

“இது கை நழுவுச்சுன்னா பட்டறையை வாடகைக்கு விட்டுட்டு வீட்டுல உக்காந்துக்க வேண்டியதுதானுங்க மாமா,” என்றார் நாகலிங்கம். கட்டுப்போட்ட கையை மடியில் குழந்தைபோல் வைத்திருந்தார்.

நான் வாய் திறந்து, “இழைப்புளியெல்லாம் நான் பார்க்கிறேன்,” என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே தெரிந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். “நீங்களா?”

கமலவேணி, என் மனைவி, அவருடைய அக்கா, ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

நவம்பர் 7

ஏழும் கோணிப்பையில் வந்தன. மாடி வராந்தாவில் பழைய மேசையைப் போட்டு, பிரித்த ஒவ்வொரு திருகையும் எண் எழுதிய தீப்பெட்டிகளில் வைத்தேன். இரும்புப் பாகங்கள் வினிகரில். திருகுகள் மண்ணெண்ணெயில். மர உடல்கள் நிழலில், காற்றுப்படும்படி, நான்கு பக்கமும் ஈர்க்குச்சி கொடுத்து. நேர்வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

நாகலிங்கம் ஏன் “நீங்களா?” என்று கேட்டார் என்பதையும் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் இந்த நோட்டு பொய்யாகிவிடும்.

கல்யாணமான மறுமாதம், என் மாமனாரின் பட்டறைக்கு முதல்தடவையாகப் போனேன். அங்கே கிடந்த இரண்டடி எஃகு ஸ்கேலை எடுத்து என் பையிலிருந்த நிர்ணய அளவுகோலோடு வைத்துப் பார்த்தேன். கால் அங்குலம் கூடுதலாக இருந்தது. வேலைக்கு இருந்த ஆறு பேர் முன்னால், “இது தவறான அளவு, சட்டப்படி செல்லாது,” என்றேன். மாமனார் பணிவாகச் சொன்னார்: “மாப்பிள்ளைங்க, இரும்பு ஆறும்போது சுருங்குமுங்க. சுருங்குற அளவைச் சேர்த்துத்தானுங்க எங்க அடி. வேணும்னுதான் நீளமா செஞ்சிருக்குது.” பிறகு பட்டறையே சிரித்தது. அன்று முதல் இந்தக் குடும்பத்தில் எனக்குப் பெயர் முத்திரை மாமா. நாற்பத்து மூன்று வருடங்களாக, நான் எந்த விசேஷத்துக்குள் நுழைந்தாலும், “முத்திரை மாமா வர்றாரு, ஸ்கேலை ஒளிச்சு வைங்கடா,” என்று யாராவது ஒருவர் சொல்லத் தவறியதில்லை.

நானும் சிரிப்பேன்.

நவம்பர் 8

துரு கிளம்புகிறது. கைகள் மஞ்சள்.

நவம்பர் 10

முதல் இரும்பு இழைப்புளி. அடி தட்டையாக்கும் முறையை இப்படி வகுத்தேன்: கனத்த கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டுவது, இழைப்புளியின் அடியில் மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போடுவது, தாளின்மேல் தேய்ப்பது. மேடான இடத்தில் கோடு அழியும், பள்ளத்தில் நிற்கும். எல்லாக் கோடும் ஒருசேர அழிந்தால் தட்டை. கண்ணாடிக்கு எங்கும் போகவில்லை, டிவி வைத்திருந்த மேசையின் மேல் கண்ணாடியையே எடுத்தேன். டிவி இப்போது தரையில் இருக்கிறது.

நான்கு மணி நேரம். எல்லாக் கோடும் அழிந்தது. பிளேடைப் போட்டு, அதை அழுத்திப் பிடிக்கும் மேல்பட்டையை இறுக்கி, ஒரு திருப்திக்காக மறுபடி அளந்தேன். நடுவில் பள்ளம்! இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.08 மி.மீ. தகடு தாராளமாக உள்ளே போனது.

பிரித்தேன், தட்டை. இறுக்கினேன், பள்ளம். மூன்று முறை. என் கண்ணையே நம்ப முடியவில்லை.

துணி காயப்போட வந்த கமலவேணி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, பிளேடைப் போட்டு இறுக்கிட்டுத் தேய்ங்க.”

“முனை தாளில் பட்டுவிடுமே?”

“உள்ள இழுத்து வெச்சுக்கோங்க. இறுக்கினா இரும்பு வளையுமுங்க. வேலை செய்யறப்ப எப்படி இருக்குமோ அப்படி வெச்சுத்தான் தேய்க்கோணும்.”

சின்ன வயதில் அப்பா பேசியது காதில் விழுந்திருக்கும் போலிருக்கிறது. காலையில் செய்து பார்க்கிறேன்.

நவம்பர் 12

சரியாக வந்தது. பிளேடை எண்ணெய்க்கல்லில் இருநூறு இழுப்பு, தோலில் ஐம்பது. தேக்குத் துண்டில் ஓட்டினேன். முதலில் தூள், பிறகு நொறுங்கல், பிறகு ஒரு முழு நீளச் சுருள், வெங்காயத் தோல்போல. மைக்ரோமீட்டரில் அளந்தேன்: 0.04 மில்லிமீட்டர்.

அந்தச் சுருளை இந்தப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். எழுபத்தொரு வயதில் இது கொஞ்சம் சிறுபிள்ளைத்தனம்தான்.

கமலவேணி இன்னொரு சுருளை எடுத்து மோந்து பார்த்தாள். இரவு சாப்பாட்டின்போதும் அது அவள் காதோரம் கொண்டையில் சிக்கியிருந்தது. தானாக விழுந்ததா, செருகிக்கொண்டாளா தெரியவில்லை. கேட்கவில்லை.

நவம்பர் 14

இரும்பு மூன்றும் முடிந்தன. மரத்தில் பெரிது இரண்டும் நன்றாகக் காய்ந்துவிட்டன. கமலவேணி சித்தப்பா பேத்தி வளைகாப்புக்குப் பொள்ளாச்சி போகிறாள். ஐந்து நாள். குழம்பை எந்தப் பாத்திரத்தில் சூடாக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாள். படியிறங்கப் போனவள் திரும்பி, “அந்தச் சின்னதை நான் வந்த பொறவு பார்த்துக்கலாமுங்க,” என்றாள். நேரம் இருக்கிறதே, ஏன் காத்திருக்க வேண்டும்?

நவம்பர் 16

மர இழைப்புளிகளில் மூன்று தட்டையாகிவிட்டன. மீதி இருப்பது ஏழாவது, மிகச் சிறியது: நீளம் 178, அகலம் 50 மி.மீ. வெள்ளத்தில் இதற்குத்தான் அதிக சேதம். அடி வீங்கிப்போயிருக்கிறது. குறுக்கே, செங்கோணம் பார்க்கும் மூலமட்டத்தை வைத்தால் நடுவில் முட்டி, இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு ஆடுகிறது.

எதையும் தொடுவதற்கு முன் பழைய நிலையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது துறையில் படித்த பாடம். நடுக்கோட்டிலிருந்து இருபக்கமும் இடைவெளி, மி.மீட்டரில்:

10 தூரத்தில் 0.45
15 தூரத்தில் 1.05
20 தூரத்தில் 1.90
விளிம்பில், அதாவது 25ல், 3.00

முன், நடு, பின் என்று மூன்று இடத்தில் எடுத்தேன். மூன்றும் ஒன்றே. தண்ணீரில் ஊறிய வீக்கம் இவ்வளவு ஒழுங்காக இருப்பது வியப்பாக இருக்கிறது. பிளேடும் மோசம்: முனை நகம்போல வளைந்திருக்கிறது, பழக்கமில்லாத யாரோ சாணை பிடித்திருக்கிறார்கள். இடப்பக்கத்தில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு குழி வேறு. ஏதோ கனமாக விழுந்து நசுங்கியிருக்கும்.

கேட்கலாமா என்று ஃபோனை எடுத்தேன். “வீக்கத்தை எடுக்கலாமா?” என்று கேட்டால், “மாமாவுக்கு இதுகூடத் தெரியலை,” என்பார்கள். வைத்துவிட்டேன்.

நவம்பர் 17

ஏழாவது தட்டையாகிவிட்டது. ஈட்டி கெட்டி மரம். நாள் முழுக்க ஆனது. பிளேடை நேராக்கினேன். குழியை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, காய்ந்த பின் தேய்த்து மெருகேற்றினேன். இருந்த இடம் தெரியவில்லை.

மேசையில் ஏழும் வரிசையாக நிற்கின்றன. காலக்கெடுவுக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. நான் ஒரு காரியத்தை இப்படி முடித்து எத்தனை வருடம் ஆயிற்று.

நவம்பர் 19

கமலவேணி வந்துவிட்டாள். வளைகாப்பில் என்னென்ன சாதம் போட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே மாடிக்கு வந்தவள், மேசையைப் பார்த்ததும் பேச்சை விட்டாள். சின்னதைக் கையில் எடுத்தாள். அடியைத் தடவினாள். பிறகு இடப்பக்கத்தைத் தடவினாள். வைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.

பயணக் களைப்பு. ராத்திரி ரசத்தில் உப்பே இல்லை.

நவம்பர் 23

நாகலிங்கம் வந்தார். ஒவ்வொன்றாக இடது கையால் எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து, அடியை வெளிச்சத்தில் பார்த்தார். நான் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தபடி நின்றேன்.

“மாமா,” என்றார் கடைசியில், “எங்கப்பா காலத்துலகூட இது இப்படி இருந்ததில்லீங்க. முத்திரை குத்திரலாம்.”

கிண்டல் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், இல்லவே இல்லை.

பிறகு மேசையைச் சுற்றிப் பார்த்தார். “தொப்பையன் எங்கீங்க?”

“எது?”

“சின்னதுங்க. அடி உருண்டிருக்குமே, குண்டோதரன் தொப்பையாட்டம். கோர் பாக்ஸ் குழிக்குள்ள போறதுக்குன்னே வளைச்சுச் செஞ்சது. அது இருந்தாப் போதும், மத்த ஆறையும் ஆத்துல விட்டாக்கூடக் கவலையில்லை.”

அது என் பின்னால், ஜன்னல் திட்டில், துணிக்கு அடியில் இருந்தது.

“அது... இன்னும் காயவில்லை,” என்றேன்.

கமலவேணி காபியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. “சக்கரை போதுமா தம்பி?” என்று மட்டும் கேட்டாள்.

நவம்பர் 24

மழை. வேலை இல்லை.

நவம்பர் 25

உக்கடம் பழைய சாமான் சந்தை வரை போய்வந்தேன். நடந்தால் மூட்டுக்கு நல்லது. கடைகளில் இழைப்புளிகள் ஒன்பது பார்த்தேன். எல்லாம் தட்டை.

நவம்பர் 26

மழை இல்லை. வேலையும் இல்லை.

நவம்பர் 27

காலையில் கமலவேணி வராந்தாவைப் பெருக்கினாள். மூன்று நாளாக ஒன்றிரண்டு வரியோடு நான் மூடி வைத்துவிடும் இந்த நோட்டை எடுத்துத் தூசி தட்டி, என் முன்னால் வைத்தாள்.

“அளந்து வெச்சீங்களா?”

“எதை?”

“எதையாச்சும் அளக்காம நீங்க கை வெச்சதுண்டா? கத்திரிக்காய் வாங்கினாக்கூட வீட்டுத் தராசுல மறுபடி போடுவீங்க.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

16ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். வீக்கம் என்று நினைத்து நான் எழுதியது ஒரு வட்டத்தின் துண்டு. நாணின் பாதி 25, உயரம் 3. இருபத்தைந்தின் வர்க்கத்தோடு மூன்றின் வர்க்கத்தைக் கூட்டி ஆறால் வகுத்தால் ஆரம் 105.7. மற்ற அளவுகளை வைத்துச் சரிபார்த்தேன்: 10க்கு 0.47 வர வேண்டும், நான் எழுதியது 0.45. 20க்கு 1.91, எழுதியது 1.90. மூன்று இடத்திலும் ஒரே வட்டம். கோர் பாக்ஸின் குழி ஆரம் 110. அதற்குள் ஏறி இறங்கத் தோதாக, கொஞ்சம் கம்மியாக, வேண்டுமென்றே வைத்த வளைவு.

வேண்டுமென்றே. இரண்டாவது முறை.

தட்டையாக்கியது நான். அது எப்படி வளைந்திருந்தது என்பது எழுத்தில் இருக்கும் ஒரே இடமும் என் நோட்டுதான். ஆகவே திரும்ப வளைக்கவும் என்னால் முடிய வேண்டும். முடியாது என்று சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை. இருபது நிமிடம் தேடிப்பார்த்தேன்.

நவம்பர் 28

அடியைத் தேய்த்ததில் பிளேடு வெளியே வரும் வாய் அகன்றுவிட்டது. அகன்ற வாயோடு இழைத்தால் மரம் பிய்ந்துகொண்டு வரும். உடைந்துபோன ஈட்டி நாற்காலியின் கையிலிருந்து ஒரு சிறு துண்டு அறுத்து, வாய்க்கு முன்னால் பதித்து ஒட்டினேன். இரண்டு முறை தவறி, மூன்றாவது துண்டு உட்கார்ந்தது.

நவம்பர் 29

தகரத்தில் 105.7 ஆரத்துக்கு வில் வரைந்து வெட்டி அச்சு செய்தேன். இனி ஒவ்வொரு இழுப்புக்கும் அது சாட்சி.

நவம்பர் 30

வளைவு இறங்கிவிட்டது. நடுக்கோட்டை விட்டு, பக்கங்களை மட்டும் பட்டைபட்டையாகச் சீவிக்கொண்டே வந்தேன். பட்டைகளின் முனைகளை மறுபடி சீவ, அவை வளைவாகின. இதற்குப் பயன்பட்டது நான் முதலில் தட்டையாக்கிய இரும்பு இழைப்புளி. அது தட்டையாக இல்லாவிட்டால் இந்த வளைவு இவ்வளவு சுத்தமாக வந்திராது. இதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பிளேடையும் தகர அச்சுக்கு வளைத்தேன். மாலையில் அளந்தேன்: 0.45, 1.05, 1.85, 3.00. ஓரிடத்தில் 0.05 பிசகு.

இனி மீதியிருப்பது ஆறாவது அம்சம். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை. சொல்லவாவது வேண்டும்.

டிசம்பர் 1

பஸ்ஸில் போகும்போது மூன்று வாக்கியம் தயார் செய்தேன். பட்டறைக்குள் நுழைந்ததும் மூன்றும் மறந்துவிட்டன.

“மாப்ள, ஒரு தப்பு நடந்துபோச்சு.”

“ஏனுங்க மாமா, நம்ம ஸ்கேல் மறுபடியும் நீண்டுக்கிச்சா?”

பையைத் திறந்து சின்னதை மேசைமேல் வைத்தேன். தட்டையாக்கியது, பொய் சொன்னது, உக்கடம் போனது, திரும்ப வளைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். உக்கடம் போனதைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடுத்த விசேஷத்தில் என்ன பெயர் வைப்பார்கள் என்றுகூட யோசித்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. அடியை இடது உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். வாயில் நான் பதித்த துண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

“இங்க ஒரு குழி இருக்கோணுமே?”

“அடைத்துவிட்டேன்.”

“அதையுமா?” என்றார். அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். “அக்காவுக்குத் தெரியுமா?”

கமலவேணிக்கு ஏன் தெரிய வேண்டும் என்று விளங்கவில்லை. “பார்த்தாள்,” என்றேன்.

“ஒண்ணும் சொல்லலீங்களா?”

“ரசத்தில் உப்பு போடவில்லை.”

அப்போதுதான் சிரித்தார். சிரித்து, கட்டுப்போட்ட கையால் கண்ணைத் துடைக்கப் போய் வலியில் கத்தினார். “எடுத்துட்டுப் போங்க மாமா. நாலாந்தேதி கட்டுப் பிரிச்சதும் வர்றேன். வளைவு நல்லா இருக்குது. சத்தியமா நல்லா இருக்குது.”

டிசம்பர் 4

எலும்பு கூடவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னார்: இன்னும் மூன்று வாரம். கட்டின்மேல் புதுக் கட்டு.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே நாகலிங்கம் தெரிந்த ஆட்கள் நாலு பேருக்கு ஃபோன் செய்தார். ஒருவர் பல்லடத்தில் கதவு வேலையில் இருக்கிறார். ஒருவர் கையால் இழைப்பதையே விட்டுவிட்டார். மற்ற இருவர் எடுக்கவில்லை. ஐந்தாவதாக ரங்கராஜுவின் எண்ணைத் தேடினார்.

“முடியாதுன்னு சொல்லிர்றேன் மாமா. அவராவது வேற ஏற்பாடு பண்ணிக்கட்டும்.”

“நாளைக்குச் சொல்,” என்றேன்.

“நாளைக்கு மட்டும் என்னங்க ஆகப்போகுது?”

“நாளைக்குச் சொல்,” என்றேன் மறுபடி, உரக்க. நான் குரலை உயர்த்தி அவர் கேட்டதில்லை. ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 5

நானே இழைத்துவிடுவது என்று முடிவு செய்து, விடிந்ததும் மாடியில் ஒரு தேக்குத் துண்டைப் பிடித்தேன். குழியுளியால் உத்தேசமாகத் தோண்டி, தொப்பையனை ஓட்டினேன். தத்தியது. குதித்தது. சொரசொரவென்று பிய்ந்தது. கருவி சரி, கைதான் சரியில்லை. அளவெடுத்துத் தெரிந்துகொள்ளக்கூடிய காரியம் இல்லை இது.

எட்டு மணிக்குக் கமலவேணி மேலே வந்தாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். கையில் தேங்காய் கீறும் கத்தி.

“தள்ளிக்கோங்க,” என்றாள்.

தொப்பையனை எடுத்து, இடப்பக்கத்தில் நான் அடைத்திருந்த இடத்தைத் தேடாமலே கண்டுபிடித்து, கத்தி முனையால் நெம்பினாள். என் பசையும் தூளும் ஒரே வில்லையாகக் கழன்று விழுந்தன. அந்தக் குழியில் தன் இடது கட்டைவிரலை வைத்தாள். விரல் அதற்குள் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

கட்டையின்மேல் ஒரு இழுப்பு. சத்தமே வேறாக இருந்தது. பட்டுத்துணி கிழிவதுபோல. குழியிலிருந்து ஒரு சுருள் எழுந்து அவள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது.

“கமலவேணி,” என்றேன்.

“பதிமூணு வயசுல அப்பா எனக்குன்னு செஞ்சு கொடுத்ததுங்க. என்ற கைக்குப் பெரிசு பிடிபடலைன்னு. எட்டு வருசம் கோர் பாக்ஸ் பூரா நான்தான். நாகு அப்ப மணல் சலிச்சிட்டிருந்தான்.”

“நீ சொன்னதே இல்லை.”

“கவருமெண்டு மாப்பிள்ளை, பட்டறையில நின்ன பொண்ணுன்னு தெரிஞ்சா வேண்டாம்பாங்கன்னு அப்பாவுக்குப் பயம். நீங்க பொண்ணு பார்க்க வந்தப்ப கை காப்புக் காய்ச்சிருக்கறது தெரியக்கூடாதுன்னு ரெண்டு உள்ளங்கையிலயும் மருதாணியை அப்பி விட்டாங்க.”

அந்தக் கைகள் எனக்கு நினைவிருக்கின்றன. காபித் தட்டை நீட்டியபோது இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. அழகுக்கு வைத்தது என்று நாற்பத்து மூன்று வருடங்களாக நினைத்திருந்தேன்.

“கல்யாணத்துக்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமே?”

“மறுமாசமே நீங்க போய் ஸ்கேலை அளந்துட்டு வந்தீங்க. அன்னைக்கு ராத்திரி நீங்க சாப்பிடக்கூட இல்லை. எனக்கும் தெரியும்னு அப்பப் போய் எப்படிச் சொல்றது? பொறவு சொல்லலாம்னு இருந்தேன். பொறவு பழகிப்போச்சு.”

“இதைத் தட்டையாக்கினது தெரிந்த அன்றைக்கு?”

“சொல்லியிருந்தா கருவியை வெச்சுட்டுக் கையைக் கட்டி உக்காந்திருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதுங்களா? நீங்களாக் கண்டுபிடிச்சாத்தான் சரிபண்ணுவீங்க.” இன்னொரு இழுப்பு இழுத்தாள். “ஆனா ஒண்ணுங்க. அந்த எட்டு நாளும் உங்க மேல கொலைவெறி.”

டிசம்பர் 6

பட்டறை. அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே வந்ததைப் பார்த்து நாகலிங்கம் எழுந்து நின்றுவிட்டார்.

“அக்கா, உன்ற முட்டி வலி?”

“முட்டியில யாருடா இழைக்கிறாங்க? அந்தக் கட்டையைப் பிடி. ஓ, உனக்குக் கை இல்லை. ஏனுங்க, நீங்க வாங்க.”

நான் கட்டையைப் பிடித்தேன்.

டிசம்பர் 7

குழியுளி வேலை முடிந்தது. அவளுக்கு ஒரு மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் உட்கார வேண்டியிருக்கிறது. கடிகாரம் பார்ப்பது என் பொறுப்பு. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். மருந்து போட்டுவிட்டேன்.

டிசம்பர் 8

குழி அரைவட்டமாக இருக்கிறதா என்று பார்க்க இவர்களிடம் ஒரு வழி இருக்கிறது. மூலமட்டத்தின் மூலையைக் குழிக்குள் விட்டு, மட்டத்தின் இரண்டு கைகளையும் குழியின் இரு விளிம்பில் சாய்த்து, அப்படியே பக்கவாட்டில் நகர்த்துவது. மூலை குழியின் சுவரை விடாமல் தொட்டுக்கொண்டே போனால் சரியான அரைவட்டம். அரைவட்டத்துக்குள் அடங்கும் கோணம் செங்கோணம் என்பதைப் பள்ளிக்கூடத்தில் நிரூபித்துக் காட்டி மதிப்பெண் வாங்கியவன் நான். அது எதற்கு என்று இன்றுதான் பார்த்தேன்.

“மாமா, மட்டத்தை நீங்க பிடிங்க,” என்றார் நாகலிங்கம். “அளக்கறது உங்க இலாகா.”

பிடித்தேன். வலது பக்கத்தில் மூலை முட்டியது. “இங்கே ஒரு மயிரிழை மேடு,” என்றேன். அவள் ஒரு இழுப்பு இழுத்தாள். மறுபடி பார்த்தேன், மூலை வழுக்கிப் போனது. பிறகு பேச்சே தேவைப்படவில்லை. நான் விரலால் தொட்டுக் காட்டுவேன், அவள் அங்கே இழைப்பாள். நாலு மணிக்கு மூலை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை எங்கும் தட்டாமல், எங்கும் விலகாமல் போயிற்று. முன், நடு, பின், மூன்று இடத்திலும்.

குறுக்களவை எடுக்க என் ஸ்கேலை நீட்டினேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய மாமனாரின் ஸ்கேலை எடுத்தேன்.

“மாமா பாஸ்!” என்றார் நாகலிங்கம்.

டிசம்பர் 10

காலை பதினொன்றரைக்கு ஆட்டோவில் வைத்து ஃபவுண்டரிக்குக் கொண்டுபோனோம். ரங்கராஜு கோர் பாக்ஸைத் தடவினார். டார்ச் அடித்துப் பார்த்தார். தன்னுடைய மூலமட்டத்தை விட்டு நகர்த்தினார்.

“கட்டு இன்னும் கையில இருக்குது. ஆரு இழைச்சது?”

நாகலிங்கம் அக்காவைக் கை காட்டினார். ரங்கராஜு அவளைப் பார்த்தார், அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். “அப்ப அடுத்ததும் உங்களுக்கேங்க. ஜனவரியில ரெண்டு பேட்டர்ன் வருது,” என்றார்.

பட்டறை வாடகைக்குப் போகாது. திரும்பும்போது நாகலிங்கம் ஆட்டோக்காரருக்கு ஏதோ பழைய பாட்டைப் பாடிக்காட்டிக்கொண்டு வந்தார். கமலவேணி தொப்பையனை மடியில் வைத்திருந்தாள். கட்டைவிரல் அதன் இடத்தில் இருந்தது.

இப்போது முதல் பக்கத்தைத் திருப்பி, அம்சம் அம்சமாகச் சரிபார்க்கிறேன்.

ஏழு இழைப்புளிகளும் வேலை செய்கின்றன. அடி, பிளேடு பற்றி எழுதியது ஆறுக்குச் சரி, ஒன்றுக்கு இல்லை. ஓரத்தில் விதிவிலக்குக் குறித்திருக்கிறேன். நாலாம் தேதிக்குள் முடிந்தது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை. ஆனால் அது நான் நடந்துகொண்டதில் உள்ள குற்றம், எழுதியதில் இல்லை.

ஐந்தாவது அம்சம், தெரிந்தவர் நாகலிங்கம் ஒருவரே என்றது, தவறு. முழுக்கத் தவறு. ஆறு அம்சங்களையும் எழுதியபோது அது ஒன்றைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை.